480 நாள்

அக்கா மகன் போன மாதம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான். அன்று இரவே போன் போட்டு நான் சொன்ன முதல் விஷயம், சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதே என்பதுதான். எதுக்கு மாமா என்றான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அவனைப் போல இன்னும் எத்தனையோ பேர் இதைத் தெரியாமலே தொழிற்சாலை லைனில் நிற்கிறார்கள்.

2012-ல் நானும் அந்தப் பக்கம்தான், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் பெர்மனன்ட். இருவருக்கும் ஒரே மெஷின், ஒரே டார்கெட், ஒரே ஷிப்ட். சம்பளத்தில் மட்டும் அவர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் எனக்கு. பதினேழாவது மாதம் கான்ட்ராக்டரின் ஆள் வந்து, "கொஞ்ச நாள் பிரேக் எடுத்துக்கோ தம்பி, அப்புறம் கூப்பிடறோம்" என்றார். கூப்பிடவும் செய்தார்கள். வேறொரு கான்ட்ராக்டர் பெயர், புது ஐடி கார்டு, புது பிஎஃப் எண், அதே மெஷின்.

ஏன் பதினேழாவது மாதம் என்பது எனக்குப் பல வருடம் கழித்து, ஒரு டீக்கடையில் சங்கத் தோழர் ஒருவர் விளக்கியபோதுதான் புரிந்தது. தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள், தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்கான சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்தவரை நிரந்தரமாக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சாரம். மாதம் 26 நாள் என்று போட்டுப் பாருங்கள், பத்தொன்பதாவது மாதத்தில் 480 வந்துவிடும். ஒரு மாத பிரேக் மட்டும் போதாது, 24 மாதம் வரை அவகாசம் இருப்பதால் திரும்பி வந்தவன் எப்படியும் 480-ஐத் தொட்டுவிடுவான். அதனால்தான் கான்ட்ராக்டர் பெயரும் மாறியது. கேட்டால் இவன் எங்கள் ஆளே இல்லை, அந்த கான்ட்ராக்டரின் ஆள் என்று கம்பெனி சொல்லிவிடலாம். நான் கைநீட்டிக் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. என் நாட்களை நான் எண்ணவில்லை, எனக்காக வேறு யாரோ மிகக் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

டிரெய்னிகளின் நிலை இன்னும் மோசம். 1961-ன் அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற ஒருவரை தொழிலாளி இல்லை என்று சட்டமே சொல்கிறது. டிரெய்னி என்று கூப்பிடுகிற எல்லோரும் அந்தச் சட்டத்தில் பதிவானவர்களும் இல்லை. அதனால் எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டு வாங்கச் சொன்னேன்.

சங்கத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நான் இருந்த தொழிற்சாலையில் பெர்மனன்ட் ஆட்கள் ஒருமுறை மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களை விடியற்காலை வேனில் ஏற்றிப் பின்பக்க கேட் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். முன்கேட்டில் கோஷம் கேட்கிறது, உள்ளே நாங்கள் லைனை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். மறுக்க முடியாதா என்று கேட்கலாம். மறுத்தால் மறுநாள் எங்களுக்கு கேட் பாஸ் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது, ஏனென்றால் அந்தச் சங்கத்தில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இடமில்லை. திரும்பி வந்த பிறகு பக்கத்து மெஷின் அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவர் கோபம் நியாயமானது. என் பயமும் நியாயமானதுதான். எங்கள் இருவரையும் ஒரே இடத்தில் நிற்கவைத்து எதிரெதிராகத் திருப்பியது எதுவோ, அதன் மேல் இருவருக்குமே கோபம் வரவில்லை.

நம் ஊருக்குச் சங்கம் புதிதல்ல. 1918-ல் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். அதன் தலைவர் பி.பி.வாடியா மேலேயே மில் நிர்வாகம் வழக்குப் போட்டது, தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று. அந்த வழக்கு கிளப்பிய கேள்விகளிலிருந்துதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. அதே சட்டத்தின் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய, சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. நிலையான வேலையில் இருப்பவர்களுக்கே ஒரு பதிவு எண்ணுக்கு இவ்வளவு பாடு என்றால், பிரேக்கில் அனுப்பப்படுகிற பையன் எங்கே போய் நிற்பான்?

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை பார்த்தவர்கள் நோயுற்றபோது, ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் இரவோடு இரவாக சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் கான்ட்ராக்டில் இருந்த இளம்பெண்கள். நிலையில்லாத வேலையில் இருப்பவர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அந்த இரவைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். பெர்மனன்ட் சங்கங்கள் நாளைக்கே ஒரு வேலையைத் தொடங்கலாம்: கேட்டுக்குள் வருகிற கான்ட்ராக்ட் ஆள் ஒவ்வொருவரின் நாட்களையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது. உறுப்பினர் சந்தா எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

நேற்று பையன் வாட்ஸ்அப்பில் முதல் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். கீழே, "24 நாள் மாமா" என்று எழுதியிருந்தான். சுவர் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.