பள்ளிக்கூடக் கிணத்தடியும் ஊர்த் தண்ணியும்

மலருக்கு ஒரு கட்டுரை தாங்கோ அண்ணை எண்டு பழைய மாணவர் சங்கத்துத் தம்பி போன் எடுத்துக் கேட்ட நேரம், எனக்கு உடன ஞாபகம் வந்தது பள்ளிக்கூட மைதானத்து மூலையில இருந்த எங்கட கிணறுதான். பி.ரி. பாடம் முடிஞ்சு மணி அடிக்க முதலே எல்லாரும் அங்க ஓடிப்போவம், பெரிய வகுப்பு அண்ணை ஒராள் துலாவை, அதான் ஏற்றக்கம்பை, இழுத்து வாளியைச் சரிக்க, நாங்கள் சின்னப் பெடியள் வரிசையா குனிஞ்சு கையேந்திக் குடிப்பம். முழங்கையால வழிஞ்சு சேட்டு முழுக்க நனைஞ்சிடும். யாழ்ப்பாணத்தில எங்கட ஊரான சுன்னாகத்து வெயிலுக்கு அந்தத் தண்ணி தந்த குளிர்ச்சி, இஞ்ச கனடாவில பிரிட்ஜுக்குள்ள வைச்ச போத்தலில இண்டைக்கும் எனக்குக் கிடைக்கேல்ல.

யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை எண்டு சமூகக்கல்வியில படிச்சனாங்கள்தானே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில பெய்யிற மழை செம்மண்ணுக்குள்ளால இறங்கி கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்லின்ர வெடிப்புகளுக்குள்ள போய் நிக்கும். அதுக்கும் கீழ இருக்கிறது கடல் தண்ணி. நல்ல தண்ணி பாரம் குறைவு எண்டபடியா உவர்த் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி இருந்தா கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டு ஒரு கணக்கு. அதை மற்றப் பக்கத்தால யோசிச்சுப் பாருங்கோ, மேல ஒரு அடியை இழுத்து எடுத்தா கீழ இருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும்.

எங்கட அப்பு இந்தக் கணக்குப் படிச்சவர் இல்லை. ஆனா வெங்காயத்துக்கு இறைக்கேக்க ரெண்டு பேர் துலா மிதிக்க ஒராள் பட்டை பிடிச்சு ஊத்த, கொஞ்ச நேரத்தால "காணும், கிணறு ஊறட்டும்" எண்டு நிப்பாட்டிப் போடுவார். மனிச உடம்பு களைக்கிற அளவுக்குத்தான் அப்ப தண்ணி வெளியில வந்தது. பிறகு மண்ணெண்ணெய் மிசின் வந்துது, கறண்ட் மோட்டர் வந்துது, களைக்கிறதுக்கு ஆருமில்லை. அதோட உரமும் கூடிப்போச்சு, காணியள் துண்டு துண்டாகி மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட வந்திட்டுது. அதுகளால தண்ணியில நைத்திரேற்று எண்ட ரசாயனம் கூடிப்போச்சு எண்டு ஆராய்ச்சி செய்தவை 80களிலேயே சொல்லிப் போட்டினம். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ர உச்ச அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம், எங்கட தோட்டப் பக்கத்துக் கிணறுகள் கனக்க அதைத் தாண்டினது. இதில கவலை என்னெண்டா கொதிக்க வைச்சா நைத்திரேற்று போகாது, தண்ணி வத்த வத்தக் கூடும். எங்கட அம்மாமார் பிள்ளையளுக்கு நல்லது எண்டு நினைச்சுத்தானே கொதிக்க வைச்சுத் தந்தவை.

யாழ்ப்பாண டவுனுக்கு கோண்டாவில், திருநெல்வேலிக் கிணறுகளில இருந்து குழாயால தண்ணி போனது. எங்களுக்கு எங்கட வளவுக் கிணறுதான் தண்ணி போர்ட். அதாலதானோ தெரியேல்ல, அதை நாங்கள் ஆரும் அளந்து பாக்கவும் இல்லை, எழுதி வைக்கவும் இல்லை.

2014 கடைசியில தங்கச்சி போனில அழுதா. வாளியில தண்ணி அள்ள மேல எண்ணெய் மினுங்குதாம், மணக்குதாம். ஊர் முழுக்க அதே கதை. அந்த நேரம் 150 கிணத்துத் தண்ணியைச் சோதிச்சதில 109 இல எண்ணெயும் கிறீசும் அளவுக்கு மிஞ்சி இருந்ததாம். மின் உற்பத்தி செய்த இடத்தின்ர கழிவு எண்ணெய் நிலத்துக்குள்ள போனதுதான் காரணம் எண்டு சனம் ரோட்டில இறங்கிச்சுது. தெற்கில இருந்து ஒரு சுற்றாடல் ஆர்வலர் எங்கட சனத்துக்காக வழக்குப் போட்டார், அவருக்கு எங்கட ஊர் எண்டைக்கும் கடமைப்பட்டிருக்கு. 2019 சித்திரையில உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. ஆனா இடையில அத்தினை வருசமும் கிணறு இருக்கிற வீட்டுச் சனம் தண்ணி லொறி (பவுசர்) வரும் எண்டு குடத்தோட ரோட்டில நிண்டதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்குது.

யாழ்ப்பாணத்துக்கு முதல்ல கிளிநொச்சியில இருக்கிற இரணைமடுக் குளத்தில இருந்து குழாயால தண்ணி கொண்டு வாற திட்டம்தான் இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் "எங்கட வயலுக்கே காணாது" எண்டு மறுத்தவை, அவையிலயும் பிழை சொல்லேலாது, குளம் கட்டினதே நெல்லுக்குத்தானே. பிறகுதான் வடமராட்சி கிழக்கு தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கிற நிலையம் கட்டி 2024 ஆவணி 2ஆம் திகதி திறந்தவை, ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர். நல்ல விசயம், நான் சந்தோசப்படுறன். ஆனா கடல் தண்ணியை அழுத்தி வடிக்கிறதுக்கு கறண்ட் வேணும், கறண்டுக்குக் காசு வேணும். மழை சும்மா தாற தண்ணியை நாங்கள் பழுதாக்கிப் போட்டு கடலிட்டப் போய் நிக்கிறம். பொறியியலாளர் ஆறுமுகம் 50களிலேயே மழைத் தண்ணியைக் கடலுக்கு விடாமல் மறிச்சு கடல்நீரேரிகளை நன்னீராக்க வழி சொன்னவர். தொண்டைமானாத்திலயும் அரியாலையிலயும் தடுப்பணை கட்டினது, ஏரிகளைத் தொடுக்கிற முள்ளியான் வாய்க்கால் வேலை முடியேல்ல.

போன வருசம் போனனான். எங்கட கிணத்துக்குக் கம்பி வலை போட்டு மூடியிருக்கு, பிள்ளையள் வீட்டில இருந்து போத்தல் கொண்டு வருகினம். துலா எப்பவோ போயிட்டுது, அதைத் தாங்க ஆடுகாலா நட்ட பூவரசு மட்டும் துளிர்த்துப் பெரிய மரமாகி நிக்குது. சங்கத்திட்ட நான் கேக்கிறது ஒண்டுதான். கட்டடத்துக்கும் விளையாட்டுப்போட்டிக்கும் சேர்க்கிற காசில கொஞ்சத்தை ஒதுக்கி, வருசத்துக்கு ரெண்டு தரம், மாரி முடிய ஒருக்கா கோடை முடிய ஒருக்கா, அந்தக் கிணத்துத் தண்ணியைச் சோதிச்சு, உப்பு எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு எண்டு விஞ்ஞானகூடச் சுவரில பிள்ளையளைக் கொண்டே எழுதுவிக்கோணும். முதல் வருசச் செலவு என்ர பொறுப்பு.