ஃபுல் கவர்னு நம்பி இருந்தேன்

போன வாரம் கார ரிவர்ஸ் எடுக்கும்போது தூண்ல டொம்முன்னு இடிச்சுட்டேன், பின்னாடி பம்பர் ஒரு பக்கம் கிளிப் விட்டு தொங்குது. இன்ஷூரன்ஸ் ஃபுல் கவர் இருக்கேன்னு தெனாவெட்டா கிளெய்ம் போட்டா சர்வேயர் வந்து நாலு போட்டோ எடுத்துட்டு, பிளாஸ்டிக் பார்ட்டுக்கு தேய்மானம் கழிப்போம், அதுபோக டிடக்டிபிள்னு ஒரு தொகை எப்பவும் உங்க பொறுப்புதான்னு சொல்லிட்டு போயிட்டாரு. தேய்மானம் கழிக்காம இருக்கணும்னா ஜீரோ டெப் ஆட்-ஆன் தனியா வாங்கிருக்கணுமாம், நான் பிரீமியம் கம்மியா வருதேன்னு அதத்தான் டிக் எடுத்து விட்டவன் 🤦

கணக்கு போட்டுப் பாத்தா கிளெய்ம்ல கிடைக்கிறத விட அடுத்த வருஷம் போற நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) பெருசு. பேசாம வாபஸ் வாங்கிட்டு கைக்காசு போட்டே மாத்திட்டேன்.

தேர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருக்கவங்களுக்கு இந்தக் குழப்பமே இல்ல, அது எதிராளிக்கு ஆன சேதத்துக்கு மட்டும்தான், நம்ம வண்டிக்கு ஒண்ணும் வராது.

இன்னொண்ணு, தண்ணில வண்டி நின்னுபோச்சுன்னா தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க. எஞ்சினுக்குள்ள தண்ணி ஏறி கனெக்டிங் ராடு வளைஞ்சா, நீங்களா இழுத்து விட்டதுன்னு சொல்லி பெரும்பாலும் கிளெய்ம கைவிரிச்சுடுவாங்க. போட்டோ எடுத்துட்டு டோ வண்டிய கூப்பிடுங்க.