தோல்விக்குக் கையெழுத்திட்டவர்

பள்ளியில் முதல் உலகப் போரைப் படித்தபோது, 1918 நவம்பர் 11 அன்று ஜெர்மனி போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது என்ற வரியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கிறேன். ஒரு நாடு எப்படிக் கையெழுத்திடும், யாரோ ஒருவர்தானே பேனாவைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது எழவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த ஒருவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அன்று முதல் அந்தப் போரையும் அதன் பின்விளைவுகளையும் அவரை விலக்கிவிட்டு என்னால் நினைக்க முடிவதில்லை. அவர் பெயர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர்.

தென் ஜெர்மனியில் புட்டன்ஹவுசன் என்ற சிற்றூரில் 1875-ல் பிறந்தவர். தந்தை தையல் வேலையும் தபால்காரர் வேலையும் பார்த்தவர். மகன் பள்ளி ஆசிரியராகி, பிறகு கத்தோலிக்கர்களின் மத்தியக் கட்சியில் சேர்ந்து, 27 வயதில் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அவரைத் தொடக்கம் முதலே சமாதானத் தூதராகக் காட்டுவது பொய்யாகிவிடும். 1914-ல் அவரும் போரை முழு மனதோடு ஆதரித்தார். செப்டம்பரில், வெற்றிக்குப் பின் ஜெர்மனி எந்தெந்த நிலங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு நீண்ட குறிப்பே எழுதினார்.

அந்தப் போர் எப்படி மூண்டது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆயினும் வியன்னாவும் பெர்லினும் அதிகப் பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், செர்பியா மீது ஆஸ்திரியா என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஜெர்மன் பேரரசரான கைசர் வாக்களித்துவிட்டார். ரஷ்யா தன் பெரும்படையை முழுமையாகத் திரட்டுவதற்குள் பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து பிரான்சை வீழ்த்திவிட வேண்டும் என்பது ஜெர்மன் தளபதிகளின் திட்டம். இரயில் அட்டவணையோடு பிணைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், நின்று பேசிப் பார்ப்பதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை. ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பிரிட்டனும் போரில் இறங்கியது.

ஆறு வாரங்களில் முடிய வேண்டியது பதுங்குகுழிகளில் நான்கு ஆண்டுகள் நீண்டது. 1916-ல் பிரான்சின் வெர்டனில் மட்டும் சுமார் பத்து மாதங்களில் இரு தரப்பிலும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இறந்தனர். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தடையின்றி ஏவினால் சில மாதங்களில் பிரிட்டன் பணியும் என்று கடற்படை உறுதி கூறியது. பணிந்தது பிரிட்டன் அல்ல. 1917 ஏப்ரலில் அமெரிக்காதான் எதிரணியில் சேர்ந்தது. அந்த ஜூலையில் எர்ஸ்பெர்கர், கடற்படையின் கணக்கு தவறு என்று நாடாளுமன்றக் குழுவில் எழுந்து சொன்னார். நிலப்பறிப்பு இல்லாத சமாதானம் வேண்டும் என்று அவர் முன்நின்று கொண்டுவந்த தீர்மானம் 212-க்கு 126 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் நடத்திய இராணுவத் தலைமை அதைப் பொருட்படுத்தவேயில்லை.

1918 செப்டம்பர் 29 அன்று, உடனடியாகப் போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று அதே லூடன்டார்ஃப் அரசை வற்புறுத்தினார். இரண்டு நாள் கழித்துத் தன் அதிகாரிகளிடம், இந்த நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தவர்களே இனி அரசில் அமர்ந்து, தாங்கள் காய்ச்சிய இந்த சூப்பைக் குடிக்கட்டும் என்ற பொருள்படப் பேசினார். போரைத் தங்கள் விருப்பப்படி நடத்தியவர்கள், தோல்வியின் அவமானத்தை நாடாளுமன்ற அரசியல்வாதிகளின் தலையில் இறக்கிவைத்த தருணம் இதுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அப்படித்தான் ஓர் அரசியல்வாதி போர்நிறுத்தக் குழுவின் தலைவரானார். சில வாரங்களுக்கு முன்புதான் எர்ஸ்பெர்கரின் மகன் ஸ்பானியக் காய்ச்சலில் இறந்திருந்தான். நவம்பர் 8 காலை, பிரான்சின் கொம்பியேன் காட்டில் நின்ற இரயில் பெட்டியில், பிரெஞ்சு மார்ஷல் ஃபோஷ் முன் அவர் உட்கார்ந்தார். பேச்சு நடக்கும் நாட்களிலாவது சண்டையை நிறுத்துங்கள் என்ற வேண்டுகோளை ஃபோஷ் மறுத்துவிட்டார். விடையளிக்க 72 மணி நேரம் மட்டுமே தரப்பட்டது. அடுத்த நாளே பெர்லினில் முடியாட்சி கவிழ்ந்தது. நிபந்தனைகளைக் குறைக்க முயலுங்கள், முடியாவிட்டாலும் கையெழுத்திடுங்கள் என்று இராணுவத் தலைமையிடமிருந்து செய்தி வந்தது. 5,000 இரயில் என்ஜின்களையும் 1,50,000 பெட்டிகளையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதைவிடக் கொடியது, ஜெர்மனிக்கு உணவு வராமல் தடுத்த எதிரணியின் கடல்வழி முற்றுகை தொடரும் என்ற நிபந்தனை. பசியில் வாடிய நகரங்களைக் காட்டி எர்ஸ்பெர்கர் கடைசிவரை வாதாடியது அதற்காகத்தான். நவம்பர் 11 விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் கையெழுத்தாயிற்று. ஏழு கோடி மக்கள் கொண்ட ஓர் இனம் துன்புறும், ஆனால் சாகாது என்று அவர் சொன்னார். போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரப் பதினொரு மணி என்று குறித்திருந்தார்கள். முடிந்துபோன போரில், அந்த ஒரு நாளில் மட்டும் 2,700-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

எதிர்த்தரப்பில் கையெழுத்திட்டவர்கள் ஒரு மார்ஷலும் ஓர் அட்மிரலும். ஜெர்மனியின் பக்கம் ஹிண்டன்பர்க்கின் பெயர் அந்தத் தாளில் இல்லை. ஓராண்டு கழித்து, 1919 நவம்பரில், நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் வந்த அவர், களத்தில் தோற்காத படை உள்நாட்டவரால் முதுகில் குத்தப்பட்டதாகச் சாட்சியம் அளித்தார். இதற்கிடையே எர்ஸ்பெர்கர், வென்ற நாடுகள் முன்வைத்த வெர்செய்ல்ஸ் சமாதான ஒப்பந்தத்தை ஏற்கவும் வாதாடியிருந்தார். நிதியமைச்சராகிப் போர்க்கடனை அடைக்கச் செல்வந்தர்கள் மீது வரியும் விதித்தார். அவர்மீது வெறுப்பு மேலும் வளர்ந்தது. 1920 ஜனவரியில் ஒருவன் அவரைச் சுட்டான், காயத்தோடு தப்பினார். 1921 ஆகஸ்ட் 26 அன்று, தென்மேற்கு ஜெர்மனியில் கருங்காடு எனப்படும் மலைப்பகுதியின் பாட் கிரீஸ்பாக்கில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது, முன்னாள் படை அதிகாரிகள் இருவர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 45.

கொலையாளிகள் ஹங்கேரிக்குத் தப்பினர். 1925-ல் ஹிண்டன்பர்க் ஜெர்மனியின் குடியரசுத் தலைவரானார். 1933 ஜனவரியில் ஹிட்லரைத் தலைமையமைச்சராக நியமித்தார். தேசிய எழுச்சிக்காகக் குற்றம் புரிந்தவர்களுக்கு மன்னிப்பு அளிக்கும் ஆணை அந்த ஆண்டு மார்ச் 21 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் வெளியானது. எர்ஸ்பெர்கரைக் கொன்றவர்கள் அதன் பாதுகாப்பில் நாடு திரும்பினர். இன்னொரு உலகப் போரும் முடிந்தபின், 1946-ல் ஃப்ரைபர்க் நீதிமன்றம் அந்த ஆணையைக் காட்டியே அவர்களில் ஒருவரான டில்லெசனை விடுவித்தது. பிரெஞ்சு அதிகாரிகள் அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு வழிசெய்தனர். 1947-ல் அவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1952-லேயே வெளியே வந்துவிட்டார்.