கசிவை அடைக்காதீர்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாம் நகருக்கு வெளியே எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், ரப்பர் தோட்டக் காலத்துக் குளம் ஒன்று இருக்கிறது. ஓடையின் குறுக்கே மண்ணைக் கொட்டி இறுக்கி எழுப்பிய கரை. இரண்டு ஆள் உயரம் இருக்கும். தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன, கரை மட்டும் அப்படியே நிற்கிறது. சென்ற மழைக்காலத்தில் அதன் வெளிப்புற அடிவாரத்தில் தண்ணீர் கசியத் தொடங்கியது. குடியிருப்பில் சிலர் காசு சேர்த்து, ஆள் பிடித்து, கசிந்த இடத்தில் களிமண்ணைக் கொட்டி மேலே சிமெண்டும் பூசிவிட்டார்கள். "அடைத்தாகிவிட்டது அக்கா, இனிக் கவலையில்லை" என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மண் கரை என்றால் கசியும். கசியாத மண் கரை உலகத்தில் கிடையாது. நமக்குக் குடிநீர் தரும் மெங்குவாங் அணையும் பினாங்குத் தீவில் உள்ள தெலுக் பாஹாங் அணையும் மண் அணைகள்தாம். அத்தகைய பெரிய அணைகளைக் கட்டுவோர் கசிவை ஒழிக்கப் பார்ப்பதில்லை. அதற்கு வழிவிட்டு, வெளியே கொண்டுவந்து, எவ்வளவு வருகிறது என்று அளக்கிறார்கள். தண்ணீர் வருகிறதா என்பதைவிட, வரும் தண்ணீர் எதைச் சுமந்து வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

சிமெண்ட் பூச்சுக்கு ஓரடி தள்ளி, புல்லுக்கு நடுவில் புதிதாக ஒரு ஊற்று கண் திறந்திருந்தது. அதைச் சுற்றி எறும்புப் புற்றைப் போல மெல்லிய மணல் வளையம். ஒரு கண்ணாடிப் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வந்து, இரவு முழுவதும் ஆடாமல் வைத்தேன். காலையில் மேலே பளிங்காக இருந்தது. அடியில் பழுப்பாக ஒரு படிவு. நீரை வடித்துவிட்டு விரல்களுக்கிடையே தேய்த்தேன். களிமண்ணாக இருந்திருந்தால் வழவழத்து ஒட்டியிருக்கும். இது ஒட்டவில்லை, துளி எடுத்துப் பல்லில் வைத்தால் நறநறத்தது. வண்டல். கரையின் உடம்பிலிருந்து வந்த மண்.

வெளியே வரும் நீர் முதலில் வாசலில் இருக்கும் மண்ணைத் தூக்கிச் செல்கிறது. அங்கே குழி விழுந்ததும் அடுத்த மணியை இழுக்கிறது. இப்படியே பின்னோக்கிக் குடைந்து குளத்தை எட்டிவிட்டால், கரைக்குள் ஒரு குழாய் உருவாகிவிடும். மண் அணைகள் உடைவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: வெள்ளம் கரைமேல் வழிவது ஒன்று, இந்த உள்ளரிப்பு மற்றொன்று. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை 93 மீட்டர் உயரம். முதன்முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, 1976 ஜூன் 3 அன்று அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் தென்பட்டன. ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் வந்தது. துளையில் மண்ணைத் தள்ளி அடைக்கப்போன புல்டோசர்களையே அது விழுங்கியது. நண்பகலுக்குள் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள்.

வெளியே களிமண்ணால் அடைத்தால் உள்ளே இருக்கும் நீர் எங்கே போகும்? அழுத்தம் ஏறும், கரையின் வெளிச்சரிவு ஊறும், வேறொரு பலவீனமான இடத்தில் பொத்துக்கொண்டு வரும். செய்ய வேண்டியது நேர் எதிரானது: தண்ணீரைப் போகவிடு, மண்ணைப் பிடித்துவை. ஊற்றின் மேல் முதலில் மணல், அதன்மேல் பொடிச் சரளை, அதன்மேல் கல். மணல் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்குக் மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி வகுத்த விதி உண்டு. வடிகட்டி மணலில் எடைக்கு 15 சதவீதம் கடந்துபோகும் சல்லடைக் கண்ணின் அளவு, கரை மண்ணில் 85 சதவீதம் கடந்துபோகும் கண்ணின் அளவைப் போல நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் மணலின் இடைவெளிகள் கரை மண்ணைத் தப்பவிடாது. பரிசோதனைக்கூடத்தில் சல்லடைகளை அடுக்கிக் குலுக்கிய காலமெல்லாம் இந்தக் கணக்குக்காகத்தான்.

"இத்தனை வருடம் நின்ற கரை, இப்போதா உடையப் போகிறது?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். இலங்கையில் கந்தளாய்க் குளத்தின் கரை நூற்றாண்டுகள் கண்டது. 1986 ஏப்ரலில் ஓர் இரவில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. வயது எந்தக் கரைக்கும் உத்தரவாதம் தராது.

பயந்துபோய்க் குளத்தை ஒரே நாளில் வடித்துவிடலாம் என்றார்கள். அதுவும் ஆபத்து. நீர் சட்டென்று இறங்கினால், ஊறிய உட்சரிவு தாங்க ஆளில்லாமல் சரிந்து விழும். மெல்லத்தான் இறக்க வேண்டும். கரையில் நிழலுக்காக மரம் நடும் யோசனையையும் தயவுசெய்து கைவிடுங்கள். மரம் பட்டுப்போனால் அழுகிய வேர் விட்டுப்போகும் இடைவெளி தண்ணீருக்கு ஆயத்தப் பாதை. புல் போதும், அதையும் ஒட்ட வெட்டியிருந்தால்தான் ஊற்று கண்ணில் படும். மிகைநீர் வெளியேறும் கலிங்கில் பழைய மெத்தையும் தேங்காய் மட்டையும் கிடந்தன. 2017 நவம்பரில் பினாங்கின் பல பகுதிகளை மூழ்கடித்த அந்த மழை இன்னொரு முறை வந்தால், கலிங்கில் போக முடியாத நீர் கரைமேல்தான் ஏறும்.

கடைசியில் ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். சிமெண்டைப் பெயர்த்து, அவர் சொன்ன அளவில் மணலும் சரளையும் போட்டிருக்கிறோம். இப்போது வரும் நீர் போத்தலில் தெளிவாக நிற்கிறது. ஆனாலும் இது முதலுதவிதான். கரைக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைத் துளையிட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதற்குச் செலவாகும். செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதில் வந்து நிற்கிறது காரியம். தோட்டம் கைமாறி, நிலம் துண்டாகி, வீட்டு மனைகளுக்கெல்லாம் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கரைக்கு யார் என்று கேட்டால் ஆளாளுக்கு விரல் நீட்டுகிறார்கள். பழைய தோட்டக் குளத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள் இந்த மழை தொடங்குவதற்கு முன்பே நில அலுவலகத்துக்குப் போய், கரை நிற்கும் நிலத்தின் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். நாங்கள் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.