வலி வர மருந்து வெச்சும் ஏன் பிரசவம் ஆகல?

பெங்களூர்ல லேபர் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்ஃபி டவுன் பக்கமிருந்து வர்ற நம்ம ஆளுங்க, எனக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சதும் கதவோரமா நிறுத்திக் கேக்குறது பெரும்பாலும் இதுதான், "நேத்தே மருந்து வெச்சாங்களே சிஸ்டர், ஏன் இன்னும் குழந்தை பொறக்கல, கடைசியில ஆபரேஷன்தானா?" சந்தேகத்தோடதான் கேப்பாங்க. அவங்க மேல தப்பில்ல, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யாராவது உக்கார வெச்சு சொல்லியிருக்கணும்.

வலி வந்தா மட்டும் போதாது, கர்ப்பப்பை வாய் தயாரா இருக்கணும். தானா வலி வர்ற பொண்ணுக்கு பல நாள் முன்னாடியே வாய் மெத்துனு ஆகி, நீளம் குறைஞ்சு, பின்னாடி இருந்தது முன்னாடி வந்திருக்கும். மருந்து வெச்சு ஆரம்பிக்கிறப்போ அந்த வேலை அத்தனையும் ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள நடக்கணும்னு எதிர்பாக்குறோம். அதான் முதல்ல உள்ள டெஸ்ட் பண்ணி பிஷப் ஸ்கோர் போடுறது, 1964ல எட்வர்ட் பிஷப்னு ஒரு டாக்டர் குடுத்த கணக்கு, வாய் எவ்ளோ திறந்திருக்கு, எவ்ளோ மெலிஞ்சிருக்கு, கெட்டியா மெத்துனா, எந்தப் பக்கம் இருக்கு, குழந்தை தலை எவ்ளோ இறங்கியிருக்குன்னு பாப்பாங்க. 8க்கு மேல வந்தா நிம்மதி. 6, அதுக்கும் கீழன்னா வாய் இன்னும் பழுக்கல, அந்த நிலைமையில நேரா வலியைத் தூண்டுற ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்ஸ்ல ஏத்தினா வலி வரும், பொண்ணு துடிப்பா, வாய் மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால முதல்ல வாயைப் பழுக்க வெக்க ஒரு ஜெல், இல்லன்னா மிசோப்ரோஸ்டால் மாத்திரை, இல்லன்னா ஃபோலி பல்பு. யூரின் ட்யூபை ஏன் அங்க வெக்கிறீங்கன்னு வீட்டுக்காரங்க பதறுவாங்க, அதோட பலூன்ல தண்ணி ஏத்தினா வாயை மெதுவா அழுத்தித் திறக்கும், அவ்ளோதான். ஒரு ஜெல் வெச்சா அடுத்ததுக்கு 6 மணி நேரம் காத்திருக்கணும், இதுலயே ஒரு நாள் ஓடிடும்.

இதுல ரொம்ப பாவம் தலப்பிரசவப் பொண்ணுங்க. பக்கத்து பெட்ல ஒரு ஜெல்லுலயே பொறந்துடுச்சுன்னு வீட்டுக்காரங்க ஒப்பிட்டே கொல்லுவாங்க, பக்கத்து பெட் பொண்ணுக்கு அது ரெண்டாவது பிரசவம், ஏற்கனவே நார்மல் ஆன உடம்பு. உடம்பு எடை அதிகம், குழந்தை பெருசு, பிபி ஏறிட்டதால 37 வாரத்துலயே ஆரம்பிக்க வேண்டியதாயிடுச்சுன்னா இன்னும் கஷ்டம், ஏன்னா உடம்பு அதுக்கு இன்னும் ரெடியாகவே இல்ல.

இன்னொன்னு நேரம். தாயும் குழந்தையும் நல்லா இருந்தா பனிக்குடம் உடைச்சு 12லேர்ந்து 18 மணி நேரமாவது டிரிப்ஸ் ஓடட்டும், அப்புறம்தான் பலிக்கலன்னு முடிவு பண்ணணும்னு அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 2014ல சொல்லிச்சு, 6 செ.மீ. திறந்தாதான் வேகம் பிடிக்கும்னும் சொல்லிச்சு. 4 செ.மீ.லயே முன்னேற்றம் இல்லன்னு தியேட்டருக்குத் தள்ளுறதைப் பாத்தா எனக்கு மனசு ஆறாது. சில சமயம் வீட்டுக்காரங்களே "பொண்ணு தாங்க மாட்டா, எடுத்துடுங்க"ன்னு நெருக்குவாங்க. ஆனா குழந்தை இதயத்துடிப்பு இறங்கி, திரும்ப ஏறலன்னா பேச்சே இல்ல, அங்க ஒரு நிமிஷம்கூட காத்திருக்கக் கூடாது, அது மருந்து பலிக்காம போனதும் இல்ல.

பிபிக்காக சீக்கிரம் அட்மிட் ஆன ஒரு பொண்ணு, ரெண்டு நாள் எல்லாம் பாத்தும் 3 செ.மீ. தாண்டல, சிசேரியன் ஆச்சு. மாமியார் வார்டுலயே, "இவளுக்கு முக்கத் தெரியல"ன்னு சொன்னாங்க. எனக்குப் பொறுக்கல. "அம்மா, 10 செ.மீ. திறந்தப்புறம்தான் முக்கவே சொல்லுவோம், இவளுக்கு அந்தக் கட்டமே வரலம்மா"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவங்க பதில் பேசல. அந்தப் பொண்ணு அப்புறம் மெதுவா, "அடுத்ததுக்கும் இப்படித்தானா சிஸ்டர்?"னு கேட்டா. அப்படி இல்லம்மா, ஒரு சிசேரியனுக்கு அப்புறமும் நிறைய பேருக்கு நார்மல் ஆகுது, ஆனா பழைய தையல் இருக்கறதால அடுத்த தடவை மிசோப்ரோஸ்டால் வெக்கக் கூடாது, அதனால டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காம வை, என்ன காரணத்துக்கு ஆபரேஷன், கர்ப்பப்பையில எப்படி வெட்டினாங்கன்னு அதுல இருக்கும், அடுத்த டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாங்கன்னு சொன்னேன்.