8,200 கி.மீ.க்குப் பத்து மணி நேரம், 420 கி.மீ.க்கு இருபது

பொங்கலுக்கு ஒருவழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். கால் வீக்கம்தான் இன்னும் வடியவில்லை.

லண்டனிலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 8,200 கி.மீ. இங்கிருந்து லண்டன் போனபோது பதினோரு மணி நேரம் பிடித்த நேரடி விமானம், திரும்பும்போது பத்தைத் தாண்டவில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிற காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. இறங்கியபோது அதிகாலை நாலு மணி. மதுரைக்கு மிச்சம் 420 கி.மீ.; ஏறி உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரம். வீடு அவனியாபுரத்தில், மொட்டை மாடியில் நின்றால் இறங்குகிற விமானத்தின் சக்கரம் தெரியும். காலை இட்லிக்கு வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

அன்று போகி. அதை யோசிக்கவே இல்லை.

ஏழு மணி விமானம் ஒன்பது ஆனது. கண்ணாடிக்கு வெளியே பனியும் டயர் எரித்த புகையும் கலந்து, நிற்கிற விமானத்தின் வால்கூடத் தெரியவில்லை. பத்து மணிக்கு ரத்து. கவுண்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "புகைக்கு நாங்க என்ன சார் பண்றது? நாளைக்குச் சாயங்காலம்தான் சீட்" என்றார். மாற்று விமானமா, முழுப் பணமா என்பது நம் விருப்பம். அதை நானாகக் கேட்ட பிறகுதான் பணம் தருவதாகச் சொன்னார்.

செலவு குறையுமே என்று இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தது என் தப்பு. ஒரே பிஎன்ஆரில் எடுத்திருந்தால் மதுரை வரை கொண்டு சேர்ப்பது அவர்கள் பாடு. எப்படி எடுத்தாலும் சென்னையில் பெட்டியை வாங்கிச் சுங்கம் கடந்து மறுபடி போட வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

சரி, பஸ்ஸில் போய்விடலாம் என்று இரண்டு பெட்டியோடு மெட்ரோ பிடித்து, ஆலந்தூரில் மாறி, கோயம்பேட்டில் இறங்கினேன். அங்கே ஒரு கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மதுரை பஸ்ஸா? கிளாம்பாக்கம் போய் ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே." வெளியூரிலேயே இருந்தால் இப்படித்தான். விமான நிலையத்திலிருந்து நேராகத் தெற்கே போயிருக்க வேண்டியவன், வடக்கே போய்த் திரும்ப அதே வழியில் வந்தேன்.

மதியம் இரண்டரைக்குத்தான் பஸ்ஸில் இடம் கிடைத்தது. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஊரே ரோட்டில் நின்றது. மாட்டுத்தாவணியில் இறங்கியபோது இரவு பதினொன்றரை. ஆட்டோவும் தெரு வரை வரவில்லை. விடிந்தால் ஜல்லிக்கட்டு, ரோட்டை மறித்துத் தடுப்புக் கட்டியிருந்தார்கள். கடைசி அரைக் கிலோமீட்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடை.

அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"காலைல தலைக்கு மேல பிளேன் சத்தமே கேக்கல. அப்பவே நெனச்சேன்டா."