ஒரு டிஷ், இரண்டு பெட்டிகள்: மொட்டை மாடியில் மூன்று ஞாயிறுகள்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காகப் பொருத்திய சிறிய டிஷ் ஒன்று ஆறு ஆண்டுகளாக இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் ஒரே கேபிள் கீழ்க்கூடத்துப் பெட்டிக்குச் செல்கிறது. அந்தப் பெட்டி முழுக்க முழுக்க அப்பாவின் செய்திகளுக்கே உரியது. மாடி அறையில் இருக்கும் அப்பத்தாவுக்கும் ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்று முடிவானபோது, மாதக் கட்டணம் இல்லாத சேவைதானே, இன்னொரு செட்டாப் பாக்ஸை வாங்கிக் கேபிளைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணினேன். முடிய மூன்று ஞாயிறுகள் ஆயின.

முதல் ஞாயிறு, பழைய கேபிள் டிவி காலத்து ஸ்பிளிட்டர் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்ததால், கடைக்குப் போகும் செலவு மிச்சம் என்று அதையே மாட்டினேன். இரண்டு பெட்டிகளிலும் படம் வரவில்லை. காரணம் அதன் முதுகிலேயே அச்சிடப்பட்டிருந்தது: 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை. டிஷ்ஷின் முனையில் இருந்து சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பி, செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைவரிசையை அப்படியே கேபிளில் இறக்குவதில்லை. 11,090 மெகாஹெர்ட்ஸில் வருவதிலிருந்து தன் உள் அலைவரிசையான 9,750-ஐக் கழித்து 1,340 மெகாஹெர்ட்ஸாகத்தான் கீழே அனுப்புகிறது. 950 முதல் 2150 வரை நீளும் அந்தப் பட்டைக்காகச் செய்யப்படாத ஸ்பிளிட்டரிடம் படத்தை எதிர்பார்த்தது என் தவறு.

அன்று மாலையே டிஷ்ஷுக்கென்று விற்கும் ஸ்பிளிட்டரை வாங்கிவந்து மாட்டியதும் இரண்டு அறைகளிலும் படம் தெளிவாக வந்தது. அளவுகளையும் குறித்துக்கொண்டேன். கீழ்ப்பெட்டியில் சிக்னல் வலிமை 82-லிருந்து 71-க்கு இறங்கியிருந்தது; ஆனால் தரம் 76-லிருந்து 75 ஆனதோடு சரி. இதைப் பார்த்து முதலில் வியந்தேன். யோசித்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எல்என்பி சிக்னலை 50 டெசிபெலுக்கும் மேல் பெருக்கிவிடுகிறது. அதன்பின் ஸ்பிளிட்டரில் பாதி போனாலும், சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பாதியாகிறது, இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. ஸ்பிளிட்டர் போட்டால் படம் கெட்டுவிடும் என்று பலரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். வலிமை எண்ணை மட்டும் பார்ப்பவர்கள்தாம் அப்படிப் பயப்படுவார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சிக்கல் இரவு பத்து மணிக்கு வந்தது. அப்பா தூங்கப் போகும்போது ரிமோட்டோடு நிறுத்துபவர் அல்லர். மின்சாரம் வீணாகக் கூடாது என்று சுவரிலிருக்கும் சுவிட்சையும் அணைப்பார். அவர் அணைத்த மறுநொடி மாடியிலிருந்து, "ஏன்யா, எனக்கு மட்டும் படம் நின்னுபோச்சு?" என்று அப்பத்தாவின் குரல் கேட்டது. எல்என்பிக்குத் தனியாக மின் இணைப்பு கிடையாது. பெட்டிதான் சிக்னல் வரும் அதே கேபிள் வழியாக மேலே மின்சாரம் அனுப்புகிறது. மறுநாள் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, எல்என்பிக்குப் போகும் முனையில் நடுக் கம்பிக்கும் வெளி உறைக்கும் இடையே அளந்தேன். கீழ்ப்பெட்டி இயங்கும்போது 13 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. மாடிப் பெட்டி மட்டும் இயங்கும்போது சுழியம். நான் வாங்கிய ஸ்பிளிட்டர் ஒரு வாயின் வழியாக மட்டுமே மின்சாரத்தை மேலே விடும் வகை. அந்த வாயைக் காட்டும் மெல்லிய கோடு ஒன்று உறைமேல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டு வாய்களும் மின்சாரம் விடும் ஸ்பிளிட்டர்களும் உண்டு. உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் இருப்பதால் ஒரு பெட்டியின் மின்சாரம் மற்றொன்றுக்குள் புகாது. என் பெட்டியின் பட்டியலிலிருந்த அலைவரிசைகள் எல்லாம் செங்குத்து முனைவாக்கத்திலேயே, அதாவது செங்குத்தாக அதிரும் அலைகளாகவே இருந்ததால் எனக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் பெட்டி அனுப்பும் வோல்ட்டேஜ் வெறும் மின்சாரம் மட்டுமன்று, ஆணையும் அதுதான்: 13 என்றால் செங்குத்து, 18 என்றால் கிடைமட்டம். பின்னாளில் வேறு செயற்கைக்கோளுக்கு டிஷ்ஷைத் திருப்பினால், ஒரு பெட்டி 13-உம் மற்றது 18-உம் அனுப்ப, பெரிய வோல்ட்டேஜ் கேட்டதே நடக்கும். ஆகவே இரட்டை எல்என்பியே சரி என்று தீர்மானித்தேன். அதில் ஒரே எல்என்பிக்குள் தனித்தனியான இரண்டு வெளியீடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் தன் பெட்டியின் சொல்லை மட்டும் கேட்கும். கடையில் கேட்டு வாங்கும்போது கவனம் தேவை: ஒரு வெளியீடு எப்போதும் செங்குத்து, மற்றது எப்போதும் கிடைமட்டம் என்று நிலையாக அமைந்த பழைய வகையையும் இரட்டை என்றே எடுத்துத் தருகிறார்கள்.

இரண்டாவது ஞாயிறு எல்என்பியை மாற்றினேன். டிஷ்ஷைத் தொடவே கூடாது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. டிடி ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இருப்பது 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். மதுரையிலிருந்து அது தென்கிழக்கே ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கிறது. அத்தனை உயரத்தையா இந்த டிஷ் பார்க்கிறது என்று நம்புவது கடினம், ஏனெனில் அதன் முகம் பக்கத்து வீட்டுத் தென்னையை நோக்குவது போலத்தான் தெரியும். எல்என்பியை நடுவில் மறைக்காமல் கீழே தள்ளி வைக்கும் அமைப்பு இது என்பதால், முகம் காட்டும் திசையைவிட 20 பாகைக்கும் மேல் உயரத்திலிருந்து வருவதைத்தான் டிஷ் வாங்குகிறது, தென்னை அப்பாவி. பழைய எல்என்பி பிடிக்குள் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தது என்பதை மார்க்கரால் கோடிட்டு வைத்துக்கொண்டு, புதியதை அதே கோணத்தில் பொருத்தினேன். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கே இல்லாததால் அதன் செங்குத்து நம் மாடியில் சாய்ந்தே வருகிறது. எல்என்பியையும் அதற்கேற்பச் சாய்க்காவிட்டால் தரம் இறங்கிவிடும். புதியதன் கழுத்து பிடியில் ஆடியதால் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டிச் சுற்றினேன். மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பியபோது தரம் 79 வரை ஏறியது.

மூன்றாவது ஞாயிறு முழுவதும் இரண்டாவது கேபிளுக்கே போயிற்று. ஆர்ஜி-6 கேபிள் பதினெட்டு மீட்டர் இழுத்து, ஜன்னல் சட்டத்துக்கு முன்னால் மழைநீர் வழிந்து சொட்டுவதற்கு ஒரு வளைவு விட்டு, மாடிப் பெட்டியில் இணைத்தால், எல்என்பியில் ஷார்ட் என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது, உறைப்பின்னலிலிருந்து முடியளவு கம்பி ஒன்று நடுச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டிவிட்டு மறுபடி முறுக்கினேன். பெட்டியின் பிளக்கை எடுத்துவிட்டுத்தான் கேபிளை மாட்டவோ கழற்றவோ வேண்டும் என்பதை அதற்குப் பிறகு மறக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நல்ல மழை பெய்தது. இரண்டு அறைகளிலும் படம் ஒரே நேரத்தில் கட்டம் கட்டமாக உடைந்து, பத்து நிமிடத்தில் ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. மழை சிக்னலைக் குறைப்பது டிஷ்ஷுக்கு வெளியே என்பதால் அதற்கு இரட்டை எல்என்பியும் மருந்தில்லை. இப்போது அப்பா சுவிட்சை அணைத்தாலும் மாடியில் தொடர் ஓடுகிறது. ஆனால் கூடத்துப் பழைய பெட்டி படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் பழையதான எம்பெக்-2 மட்டுமே அறிந்தது, அப்பத்தாவின் புதிய பெட்டி புதிய முறையான எம்பெக்-4 அலைவரிசைகளையும் எடுக்கிறது. மாடியில் சில சேனல்கள் கூடுதலாக வருவதை அப்பா நேற்று கண்டுபிடித்துவிட்டார்.